221 செ.மீ. வீணைப் பெட்டியை விமானத்தில் ஏற்றுவார்களா?

கேள்வி: ஐயா, நான் ஏற்காட்டில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. மகள் அமெரிக்காவில் நியூ ஜெர்சியில் இருக்கிறாள். பேத்திக்கு ஒன்பது வயது. அங்கே வீணை கற்றுக்கொள்ள ஆரம்பித்திருக்கிறாள். 1968இல் என் அப்பா தஞ்சாவூரிலிருந்து எனக்கு வாங்கிவந்த வீணை வீட்டில் சும்மா கிடக்கிறது. மாசி மாதம் நானும் என் கணவரும் போகும்போது அதையும் எடுத்துப்போக ஆசை. மாப்பிள்ளை டிக்கெட் போட்டுவிட்டார். சேலத்திலிருந்து சென்னைக்குத் தனி டிக்கெட். சென்னையிலிருந்து வளைகுடா வழியாக நியூவார்க்குக்கு இன்னொரு டிக்கெட். அதில் ஆளுக்கு 23 கிலோ வீதம் இரண்டு பெட்டி. வீணைப் பெட்டியை அளந்தேன்: நீளம் 137, அகலம் 43, உயரம் 41 செ.மீ. வீணையோடு சேர்த்து 16 கிலோதான். ‘158க்கு மேல் போனால் ஏற்றமாட்டார்கள்’ என்று பக்கத்து வீட்டில் பயமுறுத்துகிறார்கள். டிக்கெட் போடும் பையனைக் கேட்டால் ‘கவுண்டரில் பார்த்துக்கலாம்மா’ என்கிறான். எவ்வளவு கட்டணம் வரும்? கூரியர் மலிவா? வீணை பத்திரமாகப் போய்ச் சேருமா? ஓரத்தில் தந்த வேலைப்பாடு இருக்கிறது, அது கெடக்கூடாது. கூடவே நம் தோட்டத்துக் காப்பித்தூளும் மிளகும் கொண்டுபோகலாமா?

பதில்:

வணக்கம் டீச்சரம்மா. முதலில் ஒரு விஷயம். பெட்டியை நீங்களே டேப் வைத்து அளந்து, மூன்று அளவையும் எழுதி அனுப்பியிருக்கிறீர்கள். டிக்கெட் போட்டுக்கொடுக்கும் இந்தத் தொழிலில் இருபது வருஷத்துக்கு மேல் இருக்கிறேன். கேட்காமலே அளவு சொன்னவர்கள் மிகக் குறைவு. எல்லோரும் எடையை மட்டும்தான் சொல்வார்கள்.

‘கவுண்டரில் பார்த்துக்கலாம்’ என்று சொன்ன பையனை நான் திட்ட மாட்டேன். ஒரு காலத்தில் நானும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு கேரம் போர்டுதான் என் கண்ணைத் திறந்தது. அக்கா மகன் மஸ்கட்டில் வேலைக்குச் சேர்ந்த புதிது. ‘மாமா, இங்கே நல்ல போர்டு கிடைக்கலை’ என்றான். சேலம் சின்னக்கடை வீதியில் ஒன்றை வாங்கி, சாக்கு சுற்றி, கயிறு கட்டி எடுத்துக்கொண்டு போனேன். எடை 12 கிலோ. எனக்கு 30 கிலோ அனுமதி இருந்தது. ஊருக்கெல்லாம் டிக்கெட் போட்டுக்கொடுக்கிறவன் என்ற தெனாவட்டு வேறு. கவுண்டரில் இருந்த பெண் எடையைப் பார்க்கவே இல்லை, டேப்பை எடுத்தார். ஆடுகிற பரப்பு 29 அங்குலம்தான். ஆனால் சட்டத்தோடு சேர்த்து ஒரு பக்கம் 89 செ.மீ. வந்தது. 89, 89, சாக்கோடு கனம் 9. மொத்தம் 187. பணம் கட்டுகிறேன் என்றேன். இன்றைக்கு லக்கேஜ் இடம் நிறைந்துவிட்டது, பெரிய சாமான் ஏற்ற முடியாது என்றார்கள். போர்டு வந்த காரிலேயே சேலம் திரும்பிப் போனது. மருமகன் கொஞ்ச நாள் என்னோடு பேசவில்லை.

அந்த நாளில் நான் தெரிந்துகொண்டதுதான் உங்களுக்கும் சொல்ல வேண்டியது. எடை கூடினால் பெரும்பாலும் பணத்தோடு போகும். அளவு கூடினால் பணம் ஒரு பக்கம், ‘ஏற்றுவார்களா’ என்ற கேள்வி இன்னொரு பக்கம். இரண்டாவது கேள்விக்குக் கவுண்டரில் நின்றுகொண்டு பதில் தேடக்கூடாது. அது வீட்டிலிருந்து கிளம்பும் முன்பே தீர்ந்திருக்க வேண்டும்.

158 என்ற எண்ணைப் பற்றிப் பக்கத்து வீட்டில் சொன்னது பாதி சரி. நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் 158 செ.மீ., அதாவது 62 அங்குலம். உலகத்தில் பெரும்பாலான விமான நிறுவனங்கள் ஒரு சாதாரணப் பெட்டிக்கு வைத்திருக்கும் எல்லை அது. கூட்டுவதுதான், பெருக்குவது இல்லை. கூட்டும்போது சக்கரம், கைப்பிடி, பக்கத்துப் பை, துருத்திக்கொண்டிருக்கும் பூட்டு எல்லாம் சேரும். கடையில் 30 அங்குலம், 32 அங்குலம் என்று சொல்லி விற்கும் பெரிய சூட்கேஸ்களில் பலவும் இந்த எல்லையைத் தாண்டிவிடும். கடைக்காரர் சொல்வது உயரம் மட்டும். அதில் ஜிப்பைப் பிரித்து ‘பெரிசாக்கும்’ வசதி இருந்தால் இன்னும் நாலைந்து செ.மீ. கூடும். துணிப்பெட்டி இரண்டு மூன்று செ.மீ. தாண்டினால் யாரும் டேப் எடுப்பதில்லை என்பதும் உண்மைதான். ஆனால் உங்களுடையது 137, 43, 41, மொத்தம் 221. அங்குலத்தில் 87. தூரத்தில் வரும்போதே கவுண்டரில் இருப்பவர் கண்ணில் படும்.

158ஐத் தாண்டினால் ஏற்றமாட்டார்கள் என்பது மட்டும் சரியில்லை. 158 சாதாரணக் கணக்கின் எல்லை. அதற்கு மேல் ‘பெரிய சாமான்’ கணக்கு ஆரம்பிக்கிறது. அதற்கும் தனியாக ஓர் உச்சவரம்பு உண்டு. அமெரிக்க நிறுவனங்கள் பலவற்றில் அது 115 அங்குலம், அதாவது 292 செ.மீ. எடையை மட்டும் கணக்குப் பார்க்கும் வழித்தடங்களில் சில வளைகுடா நிறுவனங்கள் ஒரு பெட்டிக்கு 300 செ.மீ. வரை அனுமதிக்கின்றன. ஆனால் அமெரிக்கா போகும் டிக்கெட்டில் பெட்டிக் கணக்குதான் வழக்கம். உங்களுக்கும் 23 கிலோவில் இரண்டு என்றுதான் இருக்கிறது. மஸ்கட்டிலோ துபாயிலோ இருக்கும் உறவினர் ‘நாங்க இதைவிடப் பெரிசா கொண்டுபோயிருக்கோம்’ என்று சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள், நம்பிவிடாதீர்கள். அவர் போன வழியின் கணக்கு வேறு.

இந்த எல்லைகளை ஏதோ காசு பிடுங்க வைத்ததாக நினைப்பவர்கள் உண்டு. காசும் பிடுங்குகிறார்கள், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் காரணமும் இருக்கிறது. கவுண்டருக்குப் பின்னால் ஓடும் பெல்ட் வளைந்து, ஏறி, இறங்கிப் போகிறது. நீளமான பெட்டி வளைவில் குறுக்கே மாட்டினால் பின்னால் வரும் எல்லாம் நின்றுவிடும். பெரிய விமானங்களில் பெட்டிகளை ஒரு அலுமினியக் கூண்டில் அடுக்கி, கூண்டோடு ஏற்றுகிறார்கள். அதன் அடிப்பக்கம் சுமார் ஒன்றரை மீட்டர்தான். அதனால் உங்கள் பெட்டி போன்றவை பெல்ட்டில் போகாது. தனி எக்ஸ்ரே, தனி வழி, ஆள் கையால் தூக்கிப் போவார். விமான நிலையத்தில் வேலை பார்ப்பவர்கள் இதை ‘அவுட் ஆஃப் கேஜ்’ என்பார்கள். எடையில் 32 கிலோவுக்கு மேல் ஒரே பெட்டியாக ஏற்றமாட்டேன் என்பதும் அதைத் தூக்குகிறவரின் முதுகுக்காகத்தான்.

சரி, கட்டணம். இதில் மூன்று தனித்தனிக் கட்டணங்கள் இருக்கின்றன என்பதைப் பலர் கவனிப்பதில்லை. அனுமதித்த எண்ணிக்கைக்கு மேல் பெட்டி இருந்தால் ஒன்று. 23 கிலோவைத் தாண்டினால் ஒன்று. 158ஐத் தாண்டினால் ஒன்று. ஒரே பெட்டி மூன்றிலும் மாட்டினால் மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கேட்பது பல நிறுவனங்களின் வழக்கம். உங்கள் இருவருக்கும் சேர்த்து நான்கு பெட்டி இருக்கிறது. வீணையை அந்த நான்கில் ஒன்றாகக் கணக்கு வையுங்கள். துணிமணிக்கு மூன்று பெட்டி போதும். அப்படி வைத்தால் எண்ணிக்கைக் கட்டணம் இல்லை. 16 கிலோ என்பதால் எடைக் கட்டணமும் இல்லை. மிச்சம் அளவுக் கட்டணம் மட்டும். அமெரிக்க வழித்தடத்தில் இது ஒரு பெட்டிக்கு, ஒரு வழிக்கு, பொதுவாக 150 முதல் 200 டாலர்வரை. நம் பணத்தில் 13,000 ரூபாய்க்குக் குறையாது என்று வைத்துக்கொள்ளுங்கள். வீணை பேத்தியிடமே தங்கப்போகிறது, அதனால் ஒரு தடவையோடு முடிந்தது. சில நிறுவனங்கள் இசைக்கருவிக்குச் சலுகை தருகின்றன, கேட்டால்தான் சொல்வார்கள்.

இன்னும் ஏழு கிலோ இடம் இருக்கிறதே என்று வீணைப் பெட்டிக்குள் ஜவ்வரிசி வடகத்தையும் அப்பளத்தையும் திணிக்க வேண்டாம். இதை ஏன் சொல்கிறேன் என்றால், எல்லா வீட்டிலும் கிளம்பும் அன்று ராத்திரி ஒருவராவது இதைச் செய்வார்.

இப்போது அந்தப் பையன் செய்ய வேண்டிய வேலை. விமான நிறுவனத்துக்குச் சொல்லி, உங்கள் டிக்கெட் பதிவில் ‘பல்க்’ என்ற குறியைப் போடச் சொல்லுங்கள். பெரிய சாமான் வருகிறது என்பதற்கான குறி அது. கூடவே மூன்று அளவு, எடை, ‘இசைக்கருவி, கெட்டிப் பெட்டி’ என்ற விவரம். போட்டதும் வேலை முடியவில்லை. முதலில் அது ‘கேட்டிருக்கிறோம்’ என்ற நிலையில் இருக்கும். நிறுவனம் பார்த்து ‘உறுதி’ என்று மாற்ற வேண்டும். சென்னையிலிருந்து வளைகுடாவரை ஒரு விமானம், அங்கிருந்து நியூவார்க்வரை இன்னொரு விமானம். இரண்டுக்கும் தனித்தனியாக உறுதி வர வேண்டும். வந்ததும் அதை அச்செடுத்துக் கையில் வையுங்கள், மின்னஞ்சலாகவும் வாங்குங்கள். ‘போன்ல சரின்னாங்க’ என்பது கவுண்டரில் செல்லாது.

மாப்பிள்ளை அமெரிக்க நிறுவனத்தில் போட்டிருந்தால் ஒரு வசதி கூடுதலாக இருந்திருக்கும். 2015 முதல் அந்த நாட்டு விதிப்படி, மூன்று அளவும் சேர்ந்து 150 அங்குலத்துக்குள், எடை 165 பவுண்டுக்குள் இருக்கும் இசைக்கருவியை, விமானத்தில் இடமிருந்தால் செக்-இன் லக்கேஜாக ஏற்றியே ஆக வேண்டும். கட்டணம் உண்டு, மறுக்க மட்டும் முடியாது. ஆனால் அந்த விதி அமெரிக்க நிறுவனங்களை மட்டுமே கட்டுப்படுத்தும். உங்களுக்கு உறுதிக் கடிதம்தான் துணை.

உங்கள் பயணத்தில் எனக்கு உறுத்துவது நியூவார்க் போகும் பெரிய விமானம் இல்லை. நம் ஊர் விமானம்தான். சேலம் விமான நிலையம் இருக்கும் காமலாபுரத்திலிருந்து பறப்பது ஏ.டி.ஆர். என்ற சின்ன விமானம். 2023இல் சேவை மறுபடி வந்தபோது சந்தோஷப்பட்டவர்களில் நானும் ஒருவன். இன்றைக்கும் கைப்பையோடு சென்னைக்குப் போய்வர அதைப்போல வசதி இல்லை. ஆனால் அதன் சாமான் அறை சின்னது. மாப்பிள்ளை அதைத் தனி டிக்கெட்டாகப் போட்டிருக்கிறார். ஒரே டிக்கெட்டாக இருந்தால் பெரும்பாலும் ஒரு நிறுவனத்தின் லக்கேஜ் விதியே பயணம் முழுக்கச் செல்லும். தனித்தனி என்றால் தனித்தனி விதி. உள்நாட்டு டிக்கெட்டில் ஆளுக்கு 15 கிலோ, இருவருக்கும் 30. உங்கள் வெளிநாட்டு அனுமதி 92 கிலோ. நீங்கள் 92ஐயும் நிரப்பிக்கொண்டு காமலாபுரம் போனால் 62 கிலோவுக்குக் கூடுதல் பணம், கிலோவுக்குச் சில நூறு ரூபாய் வீதம். அதோடு வீணைக்குத் தனிப் பேச்சு. அந்த விமானம் தாமதமானாலோ ரத்தானாலோ, வெளிநாட்டு டிக்கெட் தந்த நிறுவனத்துக்கு உங்களுக்காகக் காத்திருக்கும் பொறுப்பும் கிடையாது.

அதனால் சேலம்–சென்னை டிக்கெட்டை விட்டுவிடுங்கள். திரும்ப வரும் பணம் குறைவாக இருந்தாலும் பரவாயில்லை. ஒரு பெரிய கார் வைத்துக்கொள்ளுங்கள். மலையிறங்கி, வாழப்பாடி, ஆத்தூர், உளுந்தூர்பேட்டை, திண்டிவனம் என்று முந்நூறு கி.மீ.க்கு மேல். மீனம்பாக்கம் அந்தச் சாலையிலேயே வந்துவிடும், சென்னை ஊருக்குள் நுழையவே வேண்டாம். விமானத்துக்கு நான்கு மணி நேரம் முன்பு அங்கே இருக்கும்படி கிளம்புங்கள். பெரிய சாமானுக்குத் தனி எக்ஸ்ரே, பணம் கட்டும் இடம் வேறு, ரசீது வாங்கி மறுபடி கவுண்டர் என்று அலைச்சல் உண்டு. ஏற்காடு எக்ஸ்பிரஸில் போகலாமா என்று உங்கள் கணவர் கேட்பார். நாலு பெட்டியோடு விடிவதற்கு முன் சென்ட்ரலில் இறங்கி நிற்பதை இந்த வயதில் நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

இனி, நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரி. ‘ஓரத்தில் தந்த வேலைப்பாடு இருக்கிறது.’ அம்மா, 221 செ.மீ.யை விட எனக்குப் பெரிதாகத் தெரிவது இந்த வரிதான். அளவு கூடினால் பணம் கட்டலாம். தந்தம் இருந்தால் வீணையை நாட்டைவிட்டு எடுத்துப்போகவே முடியாது. 1968இல் அது சாதாரணம். பழைய தஞ்சாவூர் வீணைகளில் தந்தமும் மான் கொம்பும் வைத்து இழைத்திருப்பார்கள். அதன்பின் 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. ஆசிய யானை 1975இலேயே சர்வதேச வணிகத் தடைப் பட்டியலில் ஏறிவிட்டது. அப்பா நேர்மையாகக் காசு கொடுத்து வாங்கியது என்பது சுங்க அதிகாரியிடம் எடுபடாது. நம் பக்கம் தப்பினாலும் அமெரிக்கப் பக்கம் பறிமுதல் ஆகும். விசாரணை, வழக்கு என்று இழுக்கவும் கூடும்.

ஆனால் பயந்துவிடவும் வேண்டாம். ‘தந்தம்’ என்று வீட்டில் சொல்லிக்கொள்வது எல்லாம் தந்தம் இல்லை. அந்தக் காலத்திலேயே வெள்ளை பிளாஸ்டிக் பட்டையும் வந்துவிட்டது. வீணை செய்யும் ஆசாரி ஒருவர் நேரில் பார்த்தால் சொல்லிவிடுவார். தஞ்சாவூரில் அந்தக் குடும்பங்கள் இன்னும் தொழில் செய்கின்றன. பிளாஸ்டிக் என்றால் அவரிடமே எழுத்தில் ஒரு குறிப்பு வாங்கி வீணையோடு வையுங்கள். தந்தமோ கொம்போ என்றால், அதை நீங்களாகப் பெயர்த்து எடுக்கவோ யாரிடமும் கொடுக்கவோ வேண்டாம். மாவட்ட வன அலுவலகத்தில் நேரில் கேட்டுவிட்டு அடுத்த அடி வையுங்கள். இதைத் தீர்க்காமல் லக்கேஜுக்குப் பணம் கட்டிவிடாதீர்கள். மரத்தைப் பற்றிக் கவலை இல்லை. வீணை பலா மரம். அது எந்தத் தடைப் பட்டியலிலும் இல்லை. எங்காவது ஈட்டி மரத் துண்டு இருந்தாலும், செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு 2019 முதல் விலக்கு உண்டு. நூறு வருஷம் ஆன பொருளாக இருந்தால் தொல்பொருள் சட்டம் குறுக்கே வரும். உங்களுடையது அந்த வயதுக்கு வரவில்லை.

தந்தம் என்றே முடிவானால் என் யோசனை இது: அப்பாவின் வீணை ஏற்காட்டிலேயே இருக்கட்டும், பேத்தி விடுமுறைக்கு வரும்போது வாசிக்கட்டும். அவளுக்குப் புதிதாக ஒன்று வாங்கிப்போங்கள். நீளக் கழுத்தான தண்டியும் உருண்டையான குடமும் தனியாகக் கழன்று, இரண்டாகப் பிரித்து எடுத்துப்போகும் வீணைகள் இப்போது செய்கிறார்கள். ஒன்பது வயதுக் குழந்தைக்கு அளவும் தோதாக இருக்கும். ஒன்று மட்டும் மறக்காதீர்கள். கடைக்காரர் வீணையின் நீளத்தைச் சொல்வார். நீங்கள் கேட்க வேண்டியது அதை வைக்கும் பெட்டியின் வெளி அளவு. மூன்றையும் கூட்டி 158க்குள் வந்தால் கட்டணமும் இல்லை, உறுதிக் கடிதமும் தேவையில்லை.

கூரியர் மலிவா என்று கேட்டிருந்தீர்கள். மலிவில்லை. அங்கே எடையை அப்படியே எடுத்துக்கொள்ள மாட்டார்கள். பெட்டி அடைக்கும் இடத்தையும் எடையாக மாற்றிப் பார்த்து, எது அதிகமோ அதற்குப் பணம் கேட்பார்கள். 137ஐ 43ஆல் பெருக்கி, அதை 41ஆல் பெருக்கினால் 2,41,531. கூரியர்காரர்கள் இதை 5,000ஆல் வகுப்பார்கள்: 48 கிலோ. விமானச் சரக்கில் 6,000ஆல் வகுப்பார்கள்: 40 கிலோ. உங்கள் 16 கிலோ வீணை அங்கே மூன்று மடங்கு கனமாகிவிடும். அப்புறம் அந்தப் பக்கம் சுங்கத்தில் எடுக்க மகள் அலைய வேண்டும். கூடவே கொண்டுபோவதுதான் சரி. வீணைக்கு ஒரு சீட்டே வாங்கிப் பக்கத்தில் உட்காரவைப்பதும் நடக்கிறது. செல்லோ வாசிப்பவர்கள் அப்படித்தான் போவார்கள். கிட்டத்தட்ட இன்னொரு டிக்கெட் காசு என்பதால் அதற்குள் நான் போகவில்லை.

பத்திரமாகப் போகுமா என்றால், கெட்டிப் பெட்டிதான் பாதி பதில். உறைத்துணி மட்டும் போட்ட வீணையைச் செக்-இன்னில் போடவே கூடாது. மேலே இருக்கும் சுரைக்குடுக்கையைக் கழற்றித் தனியாகத் துணி சுற்றி வையுங்கள். தந்திகளை முழுக்கத் தளர்த்திவிடாதீர்கள். குடத்தின் மேல் தந்திகளைத் தாங்கும் குதிரை நிற்பதே தந்தியின் இழுப்பில்தான். கொஞ்சம் இறக்கினால் போதும். யாளி முகத்துக்குக் கீழும் தண்டிக்குக் கீழும் பழைய பருத்திப் புடவையை மடித்து, வீணை உள்ளே அசையாதபடி அடையுங்கள். பெட்டியை மூடி மெதுவாகச் சாய்த்துப் பாருங்கள். உள்ளே ‘டக்’ என்று சத்தம் வந்தால் இன்னும் ஒரு புடவை வேண்டும். தந்திக்கு அடியில் வரிசையாக இருக்கும் மெட்டுகள் மெழுகில் நிற்கின்றன என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வழியில் சாப்பிட இறங்கும்போது காரை வெயிலில் மூடி நிறுத்தாதீர்கள். ஏற்காட்டு மூட்டத்தில் கிடந்த மரம் மாசியில் நியூ ஜெர்சி போகிறது. அங்கே அப்போது குளிர். வீட்டுக்குள் ஹீட்டர் ஓடி காற்று வறண்டிருக்கும். போன உடனே ஹீட்டர் பக்கத்தில் வைத்துவிட வேண்டாம் என்று மகளிடம் சொல்லுங்கள்.

பூட்டு போட்டால் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை திறக்கக்கூடிய டி.எஸ்.ஏ. பூட்டாகப் போடுங்கள். வேறு பூட்டு என்றால் உடைத்துப் பார்ப்பார்கள். பெட்டியைக் கொடுக்கும் முன் உள்ளேயும் வெளியேயும் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கவுண்டரில் ஒரு டேக்கில் கையெழுத்துக் கேட்பார்கள், ‘லிமிடெட் ரிலீஸ்’ என்று அதற்குப் பெயர். உடையும் பொருள், உடைந்தால் நாங்கள் பொறுப்பில்லை என்பது அதன் சாரம். படித்துவிட்டுப் போடுங்கள். ‘கெட்டிப் பெட்டியில் இருக்கிறது, பார்த்துப் பதியுங்கள்’ என்று சொல்லிப் பார்க்கலாம்; பல நேரம் கேட்பார்கள். ஒட்டும் டேக்கில் கடைசி ஊர் நியூவார்க்கின் குறியான ஈ.டபிள்யூ.ஆர். என்று இருக்கிறதா பார்த்துக்கொள்ளுங்கள். இருந்தால் வளைகுடாவில் நீங்கள் பெட்டியைத் தொட வேண்டியதில்லை.

நியூவார்க்கில் சூட்கேஸ் வரும் பெல்ட்டில் வீணை வராது. பெரிய சாமானுக்குத் தனி இடம் இருக்கும். பெல்ட் நிற்கும்வரை காத்திருந்து, வரவில்லையே என்று கலங்கிப்போனவர்களை எனக்குத் தெரியும். நேரே கேட்டுப் போய்விடுங்கள். அங்கேயே, வெளியே வரும் முன், பெட்டியைத் திறந்து பாருங்கள். ஏதாவது உடைந்திருந்தால் அந்த இடத்திலேயே லக்கேஜ் புகார்ப் பதிவு போட்டு எண் வாங்குங்கள். பெட்டி கைக்கு வந்த 7 நாளுக்குள் எழுத்துமூலமாகவும் அனுப்ப வேண்டும். பெட்டி தாமதமாக வந்தால் அதற்கு 21 நாள் அவகாசம். சர்வதேச ஒப்பந்தப்படி லக்கேஜுக்கு ஒரு பயணிக்கு அதிகபட்ச இழப்பீடு 1,519 எஸ்.டி.ஆர். (சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு), சுமார் 2,000 டாலர். 2024 டிசம்பர் கடைசியில்தான் இந்த அளவுக்கு உயர்த்தினார்கள். வீணையின் மதிப்பு அதற்கு மேல் என்றால், கவுண்டரிலேயே மதிப்பை அறிவித்து, அவர்கள் கேட்கும் கூடுதல் தொகையைக் கட்ட வேண்டும்.

கடைசியாகக் காப்பித்தூளும் மிளகும். வறுத்து அரைத்த தூளுக்குத் தடை இல்லை, காய்ந்த மிளகுக்கும் இல்லை. இரண்டையும் சூட்கேஸில் வையுங்கள், கைப்பையில் வேண்டாம். அமெரிக்கா போகும் விமானத்தில் 350 மில்லிக்கு மேல் தூள் எதுவும் கைப்பையில் கொண்டுபோனால் நிறுத்திவைப்பார்கள். தோட்டத்துக் கறிவேப்பிலையை மட்டும் விட்டுவிட்டுப் போங்கள், அங்கே அதற்கு அனுமதி இல்லை. சுங்கத்தில் ‘சாப்பாட்டுப் பொருள் இருக்கிறதா’ என்று கேட்டால் ‘இருக்கிறது’ என்றே சொல்லுங்கள். காப்பித்தூள் என்றதும் பெரும்பாலும் போகச் சொல்லிவிடுவார்கள்.